ஊர் நகராமலே மாநிலம் மாறிய நாள்

கேள்வி: நீங்கள் பிறந்த தேதியில் வரலாற்றில் என்னென்ன நடந்திருக்கிறது?

நான் பிறந்தது நவம்பர் 1. 1755இல் இதே தேதியில்தான் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. 1954இல் புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்ததும் இதே நாளில்தான். ஆனால் எங்கள் வீட்டில் நவம்பர் 1 என்றாலே 1956தான். நாங்கள் கல்குளம் தாலுகாக்காரர்கள்.

மொழிவழி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்த அந்த வியாழக்கிழமை, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகி, அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன.

இது டெல்லியில் யாரோ வரைபடத்தில் கோடு போட்டதால் மட்டும் கிடைத்ததல்ல. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு, வழக்கறிஞர் நேசமணி தலைமையில் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, அந்த அரசு பதவி விலக வேண்டும் என்றார். சொந்தக் கட்சி ஆட்சியைப் பார்த்து இப்படிச் சொன்னவர் என்பதாலேயே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பாட்டாவின் (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. தாளில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. தேதி கொல்லம் ஆண்டு 1119, மேட மாதம்; அதாவது 1944 ஏப்ரல்-மே. எழுத்து முழுக்க மலையாளம். பாட்டா பேசியது தமிழ், வாங்கியது தமிழரிடம். ஆனால் சொந்த நிலத்தின் நாலு எல்லையைத் தெரிந்துகொள்ள இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. போராட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

கேட்டதெல்லாம் கிடைக்கவுமில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. முல்லைப் பெரியாறு அணை இருப்பது அந்தப் பீர்மேடு தாலுகாவில்தான். 'தமிழ்நாடு' என்ற பெயரும் அன்று வரவில்லை. அதைக் கேட்டு உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் அக்டோபர் 13ஆம் தேதியே உயிரை விட்டிருந்தார். பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று.

பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய ஜூலை 18ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்போவதாக 2021இல் அரசு அறிவித்தது. அந்தப் பெயருக்கு அது பொருத்தமான நாள்தான். எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு நவம்பர் 1தான் பெரிது. பாட்டா இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் மிட்டாய்ப் பொட்டலத்தை என் கையில் வைத்து ஒன்றே ஒன்று சொல்வார்: "மக்களே, இன்னைக்கு ஒனக்கு மட்டும் இல்ல, ஜில்லாவுக்கும் பொறந்தநாளாக்கும்."