எல்லோருக்கும் இருபது

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை எழுதியும் சில மதிப்பெண்ணில் கை நழுவிவிட்டது. மெடிக்கல் சர்ஜிகல் பாடம்தான் காலை வாருகிறது. எந்த கைடு வாங்கலாம்? தமிழ் வழியில் பள்ளி முடித்தது இடைஞ்சலா? ‘முதலில் என்ன செய்வீர்கள்’ என்று வரும் கேள்விகளில் நான்கு விடையும் சரியாகவே தெரிகிறது. ஒரு கேள்வி: தொடை எலும்பு முறிந்து இரண்டாம் நாள், நோயாளி குழப்பமாகப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது. நான் ‘டாக்டருக்குத் தெரிவிப்பேன்’ என்று போட்டேன். விடைப் பட்டியலில் ‘ஆக்சிஜன்’ என்று இருந்தது. ஏனென்று புரியவில்லை, ஆனாலும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

எம்.

அன்புள்ள எம்.,

என் மகளைவிடச் சின்னவள், நீ என்றே எழுதுகிறேன். கைடு எதுவானாலும் சரி, ஒன்றை வாங்கி அட்டை கிழியும்வரை படி. தமிழ் வழியால் ஒரு கெடுதலும் இல்லை, நானும் அப்படி வந்தவள்தான். உன் கடைசி வரிக்குத்தான் கோபம் வந்தது. ஏனென்று புரியாமல் மனப்பாடமா? அடுத்த வருடம் தொடைக்குப் பதில் இடுப்பெலும்பு என்று கேட்டால் என்ன செய்வாய்?

போன வாரம் என் தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன். துணைக்கு இருந்தேன். வார்டில் ஆறு கட்டில். செய்யக்கூடாததுதான், ஆனால் பழக்கதோஷம், கேஸ் ஷீட்டுகளை எட்டிப் பார்த்தேன். ஆறு பேருக்கும் சுவாசம் 20. காலையிலும் 20, மாலையிலும் 20. என் தங்கை நன்றாகக் குறட்டை விட்டபடி நிமிடத்துக்கு 14 தான் விட்டுக்கொண்டிருந்தாள். அப்போதிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டிருந்தது, உன் கடிதமும் வந்து சேர்ந்தது.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பி.பி.க்கு மெஷின் இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்ட கிளிப் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் நம் கண்ணும் கடிகாரமும்தான். அதனாலேயே அது கற்பனைக் கணக்காகிவிட்டது. கிளிப்பில் 96 காட்டுகிறதே என்பாய். அந்த 96ஐ உடம்பு எப்படிக் காப்பாற்றுகிறது? வேகமாக மூச்சு விட்டுத்தான். முதலில் எகிறுவது மூச்சு, கிளிப்பில் எண் இறங்குவது பிறகுதான். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் நியூஸ் (NEWS) என்று, நோயாளிக்கு மதிப்பெண் போட்டு ஆபத்தை முன்கூட்டியே காட்டும் ஓர் எச்சரிக்கைக் கணக்கு கொண்டுவந்தது. அந்தத் தாளில் முதல் வரிசையே மூச்சுதான். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை பூஜ்யம், அதாவது பயமில்லை. 21 முதல் 24 வரை இரண்டு. 25ஐத் தொட்டால் மூன்று, அந்த ஒன்றுக்காகவே உடனே யாராவது வந்து பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளோ எல்லோருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளை ஏன் சொல்ல வேண்டும், நானே போட்டிருக்கிறேன்.

1984, நர்சிங் படிப்பில் மூன்றாம் வருடம், ஆர்த்தோ வார்டில் நைட் டியூட்டி. லாரி மேலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த கிளீனர் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். காலை தாமஸ் ஸ்பிளிண்ட் என்ற கம்பிச் சட்டத்தில் கட்டி, இழுத்துப் பிடிக்க டிராக்‌ஷன் போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி. சாயங்காலமே நான் 20 என்று எழுதியிருந்தேன், பத்து மணிக்கும் 20. பையன் புரண்டு புரண்டு படுத்தான், ஊரில் மாட்டைக் கட்டவில்லை என்று பேசினான். வலியில் உளறுகிறான், ஊசி போடலாமா என்று கேட்க சிஸ்டரிடம் போனேன்.

சிஸ்டர் வந்து ஒன்றும் பேசவில்லை. தன் வாட்சைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். “எண்ணு.” எண்ணினேன். 38. அதற்குள் ஆயா சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாஸ்க் மாட்டிய கையோடு, டியூட்டி டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார் சிஸ்டர். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்துப் பையனின் கையைத் தூக்கினார். அக்குளில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். நம் நிறத்தில் தோலில் அவ்வளவு எளிதாகத் தெரியாது. கீழ் இமையை இழுத்துக் காட்டினார், அங்கே தெளிவாகத் தெரிந்தது.

ஃபேட் எம்பாலிசம். நீளமான எலும்பு முறியும்போது மஜ்ஜையிலிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைப்பது. பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தெரியும். மூச்சுத் திணறல், குழப்பம், புள்ளிகள், இந்த மூன்றையும் நீ மனப்பாடம் செய்திருப்பாய். புள்ளிகள் எல்லோருக்கும் வராது, வந்தாலும் தாமதமாக வரும். இதற்கென்று தனி மருந்தும் இல்லை. ஆக்சிஜன் கொடுப்பது, எலும்பை அசையவிடாமல் வைப்பது, விடாமல் கவனிப்பது, அவ்வளவுதான். ஆக்சிஜன் குறைந்து உளறுகிறவனுக்கு நான் கேட்கப் போன பெத்தடின் வலி ஊசியைப் போட்டிருந்தால் இருந்த மூச்சும் அடங்கியிருக்கும்.

உன் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. டாக்டரைக் கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் வந்து சேரும்வரை மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாயா?

இனி யாருக்காவது எண்ணும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணு. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நாலு தவறும். எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்து முடித்ததும் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நெஞ்சைப் பார்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். எனக்கு அங்கே டியூட்டி இருந்த வரைக்கும் டிராக்‌ஷனில்தான் கிடந்தான். இரண்டாம் வாரத்திலேயே என் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டான். மணிக்கட்டில் விரல் வைத்தால் போதும், “எண்ணுறீங்களா சிஸ்டர்?” என்று சிரித்துக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொள்வான். ராத்திரி அவன் தூங்கின பிறகு போய் எண்ணிக்கொண்டு வருவேன்.