ஊருக்கு ஆலை வந்த காரணமும் மகள் எடுக்கும் படிப்பும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகள் இயந்திரவியல் பொறியியல் படிக்க விரும்புவதாகவும், அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் இருக்கும்போது பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்த்துவிட்டால் உள்ளூரிலேயே வேலை கிடைத்துவிடாதா என்றும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆலை வீட்டருகே இருப்பதாலேயே வேலையும் வீட்டருகே இருந்துவிடுவதில்லை. அது ஏன் என்று புரிய, ஓர் ஆலை ஓர் ஊரைத் தேடி வரும் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அரியலூர் மண்ணுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததன் மிச்சம். அதைச் சூளையில் சுடும்போது அதன் எடையில் ஏறத்தாழ 44 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடுவதால், ஒரு டன் கிளிங்கருக்கு (அரைத்தால் சிமென்ட் ஆகும் சுட்ட கட்டிக்கு) சுமார் ஒன்றரை டன் கல் தேவைப்படுகிறது. காற்றில் போகப்போகும் எடைக்கு யாரும் லாரி வாடகை கொடுக்க மாட்டார்கள். எனவேதான் 1939-இல் டால்மியாபுரத்தில் ஓர் ஆலையும், 1979-இல் அரியலூரில் அரசின் டான்செம் ஆலையும், பின்னர் தனியார் ஆலைகளும் கல் கிடக்கும் இடத்திலேயே அமைந்தன. கல் தீரும்வரை இவை இடம் பெயரா. ஆனால் சூளை இரவுபகலாக ஓட, கட்டுப்பாட்டு அறையில் சிலர் கணினித் திரையைப் பார்த்தபடி அதை நடத்திவிடும் தொழில் இது. முதலீடு பெரிது, நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பராமரிப்புப் பிரிவில் இயந்திரவியல் பொறியாளருக்கு இடம் உண்டு என்றாலும், அதை நம்பி நான்காண்டுப் படிப்பைத் திட்டமிடுமாறு நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவில் 2023-இல் திறக்கப்பட்ட காலணித் தொழிற்சாலை இதற்கு நேர்மாறான காரணத்தால் வந்தது. காலணி எடை குறைந்த பொருள். ஆனால் தைக்கவும் ஒட்டவும் ஏராளமான கைகள் வேண்டும். ஆகவே அத்தொழில் வேலைக்கு வரத் தயாராக இருக்கும் இளம்பெண்களையும், நிலமும் சலுகையும் தரும் அரசையும் தேடி வருகிறது. வேலைகள் பல என்றாலும், அவற்றில் பெரும்பகுதி பொறியியல் பட்டம் வேண்டாத வேலைகள்.

இப்போது கோயம்புத்தூரைப் பாருங்கள். அங்கே நிலக்கரியோ இரும்புத் தாதுவோ கிடையாது, துறைமுகமும் தொலைவில். கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. அதை நம்பி 1888-இல் முதல் நூற்பாலை வந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மின்சாரம் மலிவாகக் கிடைத்ததும் ஆலைகள் வேகமாகப் பெருகின. ஆலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த எந்திரங்கள் பழுதானபோது உதிரி பாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாமல் உள்ளூர்ப் பட்டறைகளே பாகங்களைச் செய்யப் பழகின. அதே மின்சாரம் கிணற்றுப் பாசனத்துக்கும் வந்தபோது மோட்டார் தேவைப்பட்டது, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார்கள். மோட்டார் செய்யும் ஊரில் உலோகத்தை உருக்கி வார்க்கும் வார்ப்பகங்கள் பெருகின, வார்ப்பகங்கள் இருந்ததால் பம்புசெட்டும், பின்னாளில் நம் வீட்டு வெட் கிரைண்டரும் அங்கிருந்தே வந்தன. 1962-இல் நூற்பு எந்திரங்களையே தயாரிக்க லட்சுமி மெஷின் வொர்க்ஸ் தொடங்கப்பட்டது. இடையில் 1945-இல் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், 1951-இல் பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரியும், 1956-இல் சி.ஐ.டி. பொறியியல் கல்லூரியும் எழுந்தன.

ஒரு தொழில் தனக்கு வேண்டிய அடுத்த தொழிலை ஈன்றெடுத்த இந்த வரலாற்றை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு நிறுவனம் மூடப்பட்டால், அதில் வடிவமைப்போ வார்ப்போ கற்ற பொறியாளர் அடுத்த தெருவில் உள்ள இன்னொரு நிறுவனத்துக்குப் போக முடிகிறது. தனி முதலாளியின் கைக்குள் அடங்காமல் ஊர் முழுவதும் பரவியிருக்கும் திறன் அது.

ஸ்ரீபெரும்புதூர் இன்னொரு வகை. சென்னைத் துறைமுகம், நெடுஞ்சாலை, ஏற்கெனவே சென்னையில் ஊன்றியிருந்த வாகன உதிரி பாகத் தொழில், அரசின் சலுகைகள் எல்லாம் சேர்ந்து 1990-களில் ஹூண்டாய் போன்ற நிறுவனங்களை ஈர்த்தன. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதும், மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு 2021-இல் வெளியேற முடிவெடுத்ததும் தங்களுக்கு நினைவிருக்கலாம். தங்கள் வீட்டாரின் அச்சத்துக்கும் அத்தகைய செய்திகளே காரணம் என்று நினைக்கிறேன். சலுகையைப் பார்த்து வருபவர் கணக்கு மாறினால் போய்விடுவார், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த வட்டாரத்தில் இன்று மின்னணுத் தொழில் மீண்டும் பெருகியிருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அங்கும் முதலில் பாதிக்கப்படுபவர் ஒரே எந்திரத்தின் ஒரே வேலையை மட்டும் அறிந்தவர்தாம்.

ஆகவே மகளின் விருப்பப்படியே இயந்திரவியல் எடுக்கட்டும் என்பதே என் கருத்து; பெண்ணுக்கு அது ஒத்துவராது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் கட் ஆஃப் இடம் தரும் அளவுக்குக் கோவையின் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளை முதலில் வையுங்கள். அடுத்து சென்னைப் பகுதி, அதன் பின் திருச்சி. திருச்சியைத் தள்ளிவிட வேண்டாம். பொதுத்துறையின் பெல் (BHEL) நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த கொதிகலன், வெல்டிங் தொழில்கள் அங்கே உள்ளன. வீட்டுக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்கப்படும் கல்லூரி பட்டியலின் கடைசியில் இருக்கட்டும். விடுதிச் செலவு கூடும், உண்மைதான். ஆனால் மூன்றாம் ஆண்டில் பேருந்தில் போய்வரும் தொலைவில் தொழிற்கூடம் இருக்கும் மாணவிக்கு உள்பயிற்சி கிடைப்பதற்கும், வெறும் சான்றிதழ் வாங்கி வருவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

கல்லூரிக்குப் போகும்போது வேலைவாய்ப்பு விழுக்காட்டைக் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் தயாரான பதில் இருக்கும். சென்ற ஆண்டு இயந்திரவியல் மாணவர்கள் எந்தெந்த ஆலைகளில், எத்தனை வாரம், என்ன வேலை பழகினார்கள் என்று கேளுங்கள். பட்டம் முடித்ததும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் ஓராண்டு தொழிற்பழகுநராகச் சேரும் வாய்ப்பையும் மகள் அறிந்து வைத்திருக்கட்டும்.

விருப்பப் பட்டியலை உறுதி செய்யும் முன் ஒருநாள் அவரைக் கோவைக்கு அழைத்துச் சென்று, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் தெரிந்தவர் மூலம் அனுமதி பெற்று ஒரு வார்ப்பகத்தையும் ஒரு பம்பு தயாரிப்புக் கூடத்தையும் காட்டுங்கள். வீட்டில் மறுப்புச் சொல்பவர்களும் உடன் வந்தால் நல்லது.