ஒரே எழுத்து, இத்தனை உச்சரிப்பா?

கேள்வி: ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 'நாள்' என்ற கான்ஜியை (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து) ஓரிடத்தில் 'நிச்சி' என்கிறார்கள், இன்னோரிடத்தில் 'ஹி', வேறோரிடத்தில் 'கா'. எதைத்தான் மனப்பாடம் செய்வது?

பதில்: எதையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லோடு சேர்த்தே படியுங்கள். நின்ற செவ்வகம், நடுவில் ஒரு படுக்கைக் கோடு, மொத்தம் 4 இழுப்புகள்தான் (மேல்கோடும் வலக்கோடும் ஒரே இழுப்பு), ஜப்பானில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். (உள்ளே இரண்டு கோடு போட்டால் 'கண்' ஆகிவிடும், ஜாக்கிரதை!) சூரியன், நாள் இரண்டுக்கும் இதே எழுத்து. 'நிச்சி' சீனத்திலிருந்து வந்த ஒலி, 'ஹி'யும் 'கா'வும் ஜப்பானியர்களின் சொந்தச் சொற்கள், எழுத்தைக் கடன் வாங்கியபோது இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் தினமும் என்பது 'மைனிச்சி', சூரிய உதயம் 'ஹினோதே'. ஞாயிற்றுக்கிழமை இன்னும் வேடிக்கை: 'நிச்சியோபி' என்பதை 3 கான்ஜியில் எழுதும்போது முதலும் கடைசியும் இதே எழுத்து, ஆனால் முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'!

உண்மையில் படுத்துவது தேதிகள்தான். 2 முதல் 10 வரை 'ஃபுட்சுகா', 'மிக்கா' என்று 'கா'வில் முடியும், 11 'ஜூஇச்சி நிச்சி', ஆனால் 14, 24 மறுபடி 'கா'வில் முடியும், 20 திடீரென்று 'ஹாட்சுகா'. மாதத்தின் முதல் நாள் 'ட்சுஇதாச்சி', அதே எழுத்துகளை 'இச்சினிச்சி' என்று படித்தால் 'ஒரு நாள் முழுக்க' என்று பொருள். அப்புறம் இன்று என்னும் 'கியோ', இரண்டு கான்ஜி சேர்ந்த ஒரே ஒலி, எந்த எழுத்துக்கு எந்தப் பகுதி என்று பிரிக்கவே முடியாது. முதலில் தேதிகளைத் தினம் ஒன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், கிழமைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.