சுவிசேஷ சபையும் ‘இவாஞ்சலிக்கல்’ சபையும் ஒன்றா? – கேள்வி பதில்

சீர்திருத்தக் காலத்துச் சபைகளுக்கும் இன்று தங்களை ‘இவாஞ்சலிக்கல்’ என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்டு வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் சபையின் பெயரிலேயே ‘சுவிசேஷ லுத்தரன்’ என்று இருக்கிறது. கல்லூரி ஜெபக்குழு நண்பர்களோ “உங்கள் சபை இவாஞ்சலிக்கல் கிடையாது” என்கிறார்கள். யார் சொல்வது சரி ஐயா?

பதில்: இரண்டும் சரிதான் தம்பி. சொல் ஒன்று, காலம் இரண்டு. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் பக்கம் நின்றவர்கள் தங்களை ‘எவாங்கேலிஷ்’, அதாவது சுவிசேஷத்தைச் சார்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ‘லுத்தரன்’ என்பது எதிராளிகள் ஒட்டிவிட்ட பெயர். தன் பெயரில் சபை இருப்பது லூதருக்கே பிடிக்கவில்லை. ஜெர்மனியில் இன்றும் ‘எவாங்கேலிஷ்’ என்றால் வெறுமனே புராட்டஸ்டன்ட் என்றுதான் பொருள். உங்கள் நண்பர்கள் சொல்லும் இவாஞ்சலிக்கல் இயக்கத்தைக் குறிக்க அவர்கள் ‘எவாங்கேலிகால்’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘சுவிசேஷ’ என்றே போட்டுவிடுவதால் வருகிற குழப்பம் இது. 1919ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை முதல் பொருளில் பெயர் வைத்தது. உங்கள் நண்பர்கள் இரண்டாம் பொருளில் பேசுகிறார்கள்.

ஆனால் நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள். வீட்டில் கூடி, ஆளுக்கொரு வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசுகிற அந்த ஜெபக்குழு வடிவத்தைப் பரப்பியதில் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகருக்குப் பெரிய பங்கு உண்டு. 1670ல் பிராங்க்ஃபர்ட்டில் அவர் அதைத் தொடங்கினார். அவர் வழிவந்த, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பயின்றவர்தான் 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு.

கேள்வி: அப்படியானால் இவாஞ்சலிக்கல் என்பதற்கு அடையாளம் என்ன?

பதில்: வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989ல் வைத்த நான்கு அடையாளங்களைத்தான் எல்லோரும் கையாள்கிறார்கள்: வேதாகமமே இறுதி அதிகாரம், சிலுவை மரணமே மையம், தனிமனிதன் மனந்திரும்பி மறுபடி பிறக்க வேண்டும், விசுவாசம் ஊழியமாகவும் சேவையாகவும் செயலில் தெரிய வேண்டும்.

பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனம்), பேராயர், மூப்பர், ஆராதனை முறை எதுவும் இல்லை. ஆகவே இது ஒரு சபைப்பிரிவு அல்ல. சபைப்பிரிவுகளுக்கு ஊடாக ஓடுகிற நீரோட்டம். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் பேராயரும், குழந்தை முழுக்கை ஏற்காத பாப்டிஸ்ட் போதகரும் ஒரே நற்செய்திக் கூட்ட மேடையில் உட்கார முடிவது இதனால்தான். பழைய சபைகள் எதற்காக ஒன்றையொன்று விலக்கி வைத்தனவோ, அதையெல்லாம் இந்த இயக்கம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. அதன் பலமும் பலவீனமும் அதுதான்.

கேள்வி: லூதரும் “விசுவாசத்தினால் மாத்திரம்” என்றார், இவர்களும் அதையே சொல்கிறார்கள். பிறகு வேறுபாடு எங்கே? சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: நீதிமானாக்கப்படுதல் பற்றிய வரையறையில் வேறுபாடு சிறியது. “நான் இரட்சிக்கப்பட்டேன் என்று எதைப் பார்த்து நிச்சயம் கொள்வது?” என்று கேட்டால்தான் பிளவு தெரியும்.

லுத்தரன் பதில்: உனக்கு வெளியே பார். வாக்குத்தத்தம் பிரசங்கத்திலும், உன் தலையில் ஊற்றிய தண்ணீரிலும், கையில் வைத்த அப்பத்திலும் வந்து சேர்கிறது. 1529ல் லூதர் எழுதிய சிறிய ஞானோபதேசம் (கேள்வி பதிலாக உபதேசம் கற்பிக்கும் நூல்), திருமுழுக்கு பாவமன்னிப்பை உண்டாக்குகிறது என்றே சொல்கிறது. வாக்கை நம்புகிறவர்களுக்கு அது பலிக்கிறது. சோதனை வரும்போது “நான் ஞானஸ்நானம் பெற்றவன்” என்று சொல்லிக்கொள்வது லூதரின் வழக்கம்.

இன்னொரு சீர்திருத்தக்காரரான கால்வின் வழிவந்த ‘சீர்திருத்த சபை’ (ரிஃபார்ம்டு) தேவனுடைய தெரிந்துகொள்ளுதலிலும் உடன்படிக்கையிலும் தொடங்கும். தண்ணீர் அந்த உடன்படிக்கையின் அடையாளமும் முத்திரையும். முத்திரை குத்திய நாளிலேயே பலன் கிடைத்தாக வேண்டும் என்பதில்லை.

இவாஞ்சலிக்கல் பதில்: நீ மனந்திரும்பினாயா? இப்போது உன் வாழ்க்கையில் கனி உண்டா? பார்வை உள்ளே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு ஒரு கடிகார நேரமே இருக்கிறது. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். நேரம் ஏறக்குறைய எட்டே முக்கால். மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் இருதயத்தில் விநோதமான ஓர் அனல் உண்டானதாக நாட்குறிப்பில் எழுதினார். அங்கே வாசிக்கப்பட்டது என்ன தெரியுமா? ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை. வாசகம் லூதருடையது, அதைக் கேட்டவருக்கு நிச்சயம் வந்த இடம் அவருடைய இருதயம். இரண்டு மரபுகளும் சந்தித்த இடமும் பிரிந்த இடமும் அந்த ஒரே அறைதான்.

இரண்டு பக்கமும் கெட்டுப்போகிற விதம் வேறு வேறு. தண்ணீரைப் பார்க்கிறவன் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும் என்று தூங்கிவிடுவான். உள்ளே பார்க்கிறவன் “உண்மையாகத்தான் ஒப்புக்கொடுத்தேனா?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி மறுபடி முன்னால் போவான். என்னைக் கேட்டால், முதலாவது சோம்பலின் நோய், இரண்டாவது களைப்பின் நோய். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் முற்றும்.

கேள்வி: முன்னால் வரச் சொல்லி ‘பாவியின் ஜெபம்’ சொல்ல வைப்பது சீர்திருத்தக் காலத்திலேயே உண்டா?

பதில்: கிடையாது. லூதரும் கால்வினும் அதைப் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில் 1830களில் சார்லஸ் ஃபின்னி தன் எழுப்புதல் கூட்டங்களில், இரட்சிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வந்து உட்கார முன்வரிசையில் ஒரு பெஞ்சு ஒதுக்கினார். பிறகு டி. எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் தனியறையில் ஆலோசனை சொல்லும் முறையை வளர்த்தார். 20ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் பில்லி கிரகாம் காலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும், பெயர் எழுதி உள்ளூர்ச் சபைக்கு அனுப்பும் தீர்மானச் சீட்டும் வந்தன.

இதற்கு முதல் கூர்மையான எதிர்ப்பு சீர்திருத்த சபைக்குள்ளிருந்தே எழுந்தது. ஜெர்மன் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஜான் நெவின், 1843ல் ‘பெஞ்சு முறை’யையும் ‘ஞானோபதேச முறை’யையும் எதிரெதிரே நிறுத்தினார். பெஞ்சு ஒரு ராத்திரியில் முடித்துவிட நினைப்பதை, ஞானோபதேசம் வருஷக்கணக்கில் குடும்பத்திலும் சபையிலும் வளர்க்கிறது என்பது அவர் வாதம். கூட்டம் நடத்துகிறவர்கள் கவனிக்க ஒன்று: அந்தத் தீர்மானச் சீட்டு எந்தச் சபைப் போதகர் கைக்கும் போய்ச் சேராவிட்டால் நெவின் சொன்னது பலித்துவிடும்.

கேள்வி: எனக்குக் குழந்தையில் சிஎஸ்ஐயில் (தென்னிந்தியத் திருச்சபை) ஞானஸ்நானம் ஆனது. வரன் வீட்டார் வேறு சபை. கல்யாணத்துக்கு முன் முழுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா பிரதர்?

பதில்: சகோதரி, முதலில் அவர்கள் சொல்வதன் பொருள் புரிய வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை இது ‘இரண்டாவது’ ஞானஸ்நானம் இல்லை. விசுவாசித்த பிறகு கொடுப்பது மட்டுமே ஞானஸ்நானம். குழந்தையில் நடந்தது கணக்கிலேயே வராது. 1525ல் சூரிச்சில் தொடங்கிய வாதம் இது. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளுக்கோ ஞானஸ்நானம் ஒரே முறைதான். மறுபடி எடுப்பது, முதலில் தேவன் செய்ததை இல்லை என்பதாகும். நடுவழி கிடையாது, இரு வீட்டையும் திருப்திப்படுத்த ஒரு சடங்காகச் செய்தால் இரண்டு சபையின் உபதேசப்படியும் அது தவறு.

செய்ய வேண்டியது இது. உங்கள் சபைப் பதிவேட்டிலிருந்து ஞானஸ்நானச் சான்றையும் திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) சான்றையும் வாங்கி வையுங்கள். அவர்கள் சபையில் உங்களை அங்கத்தினராகச் சேர்க்கவும் திருவிருந்து கொடுக்கவும் முழுக்கு கட்டாயமா, அல்லது திருமணத்தை நடத்தி வைப்பதற்கே கட்டாயமா என்று அந்தப் போதகரிடம் நேராகக் கேளுங்கள். இரண்டும் வேறு. பிறகு உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மறுமுழுக்கு எடுத்தவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். அதைக் கல்யாணத்துக்குப் பின் தெரிந்துகொள்வது நல்லதல்ல. மனசாட்சியில் நீங்களே ‘விசுவாசிகளின் ஞானஸ்நானம்தான் சரி’ என்ற முடிவுக்கு வந்திருந்தால் எடுங்கள். வரனுக்காக வேண்டாம்.

கேள்வி: பழைய ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்தில், முழுக்குக் கொடுத்தவுடனே குழந்தை ‘மறுபடியும் ஜெநிப்பிக்கப்பட்டது’ என்ற கருத்தில் வருகிறது. இவாஞ்சலிக்கல் ஆங்கிலிக்கன்கள் இதை எப்படி விழுங்கினார்கள்?

பதில்: விழுங்கவில்லை, வழக்காடினார்கள். 1847ல் கோரம் என்ற குருவைப் புதிய சபைக்கு நியமிக்க இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராயர் ஃபில்பாட்ஸ் மறுத்தார். பல நாள் உட்காரவைத்து நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள், எல்லாம் இந்த ஒரு விஷயத்தில். முழுக்கின் பலன் நிபந்தனைக்கு உட்பட்டது, தானாக நடப்பதல்ல என்பதில் கோரம் அசையவில்லை. 1850ல் பிரிவி கவுன்சில் என்ற அரசின் மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இவாஞ்சலிக்கல்கள் சபைக்குள்ளேயே தங்கினார்கள். மதச்சார்பற்ற நீதிமன்றம் உபதேசத்தில் தீர்ப்புச் சொல்வதா என்று வெகுண்ட மேனிங் போன்ற குருமார் ரோமன் கத்தோலிக்கத்துக்குப் போனார்கள்.

கேள்வி: திருவிருந்து பற்றி ஒரு வரியில்?

பதில்: 1529ல் ஜெர்மனியின் மார்புர்க்கில் லூதரும் சூரிச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் 15 விஷயங்களில் 14ல் ஒத்துப்போனார்கள், ‘இது என் சரீரம்’ என்பதை லூதர் மேசைமேல் சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு அசையாததால், அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையாகவே இருக்கிறதா என்ற மிச்சம் ஒன்று நின்றுபோனது. ஐரோப்பாவில் இரு தரப்பும் லோயன்பெர்க் உடன்பாட்டில் பந்தி ஒற்றுமைக்கு வந்தது 1973ல், 444 வருஷம் கழித்து. இன்றைய இவாஞ்சலிக்கல் சபைகளில் பெரும்பாலானவை ஸ்விங்லி பெயரைக்கூடக் கேள்விப்படாமலே ‘நினைவுகூருதல் மட்டும்’ என்ற அவர் பக்கம் நிற்கின்றன. (ஒரு வரி தாண்டிவிட்டது.)

கேள்வி: ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றைக்கும் இரட்சிப்பு நிலைக்குமா? இது கால்வினிய உபதேசம்தானே?

பதில்: பாதி. 1618–19 காலத்தில் நெதர்லாந்தில் சீர்திருத்த சபையினர் கூடிய டார்ட் மாநாட்டு அறிக்கையின் ஐந்தாம் தலைப்பு, தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார் என்கிறது. அதே தலைப்பு தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் காட்டி, பரிசுத்தவான்களும் கொடிய பாவத்தில் விழக்கூடும், அதன் வேதனையை அனுபவிப்பார்கள் என்றும் எச்சரிக்கிறது. இன்று “கை தூக்கிவிட்டாய், இனி எதுவும் உன்னை அசைக்காது” என்று பேசுவது அந்த ஐந்தாம் தலைப்பை மட்டும் பிய்த்து எடுத்து, முதல் நான்கையும் தூக்கிப்போட்டுச் செய்தது. டார்ட்டில் இருந்தவர்களுக்கு அது தங்கள் பிள்ளையாகவே தெரிந்திருக்காது. லுத்தரனும் வெஸ்லியனும் விசுவாசி விழுந்துபோகக்கூடும் என்பார்கள்.

இவாஞ்சலிக்கல் இயக்கம் பிறக்கும்போதே இந்தச் சண்டையோடுதான் பிறந்தது. முன்குறித்தல் விஷயத்தில், அதாவது இரட்சிக்கப்படுவது யார் என்று தேவன் முன்பே தீர்மானித்தாரா என்பதில், வெஸ்லியும் அவருடைய சக பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டும் 1740 வாக்கில் பகிரங்கமாக முட்டிக்கொண்டார்கள். 1770ல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. ஒயிட்ஃபீல்டின் விருப்பமும் அதுவே.

கேள்வி: பெந்தெகோஸ்தேயினர் இவாஞ்சலிக்கலா?

பதில்: பெபிங்டனின் நான்கும் பொருந்தும், ஆகவே ஆம். அந்நியபாஷையே அபிஷேகத்தின் முதல் அடையாளம் என்பது அவர்கள் கூடுதலாக வைக்கும் ஐந்தாவது. பாப்டிஸ்டும் சகோதரர் சபையும் அதை ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் ஒரே சிஎஸ்ஐக்குள் ஊருக்கு ஊர் வாசனை மாறுகிறதே, ஏன்?

பதில்: நாசரேத், இடையன்குடி எஸ்பிஜி என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் ஊர்கள், அங்கே ஜெபபுத்தகத்துக்கும் பேராயர் முறைக்கும் அழுத்தம் அதிகம். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் சிஎம்எஸ் என்ற இன்னொரு மிஷன் சங்கத்தின் ஊர்கள். சிஎம்எஸ் 1799ல் லண்டனில் இவாஞ்சலிக்கல் ஆங்கிலிக்கன்கள் தொடங்கியது. 1947ல் இந்த இரண்டும், மெதடிஸ்டும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகளும் ஒரு கூரைக்குள் வந்தன.

உரசல் அதற்கு முன்பே உண்டு. சிஎம்எஸ்ஸில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் லுத்தரன். தன் உபதேசியார்களுக்குப் பேராயர் கையால்தான் குருப்பட்டம் வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை; ஆங்கிலிக்கன் சபை முறைகளை விமர்சித்தும் எழுதினார். 1835ல் சிஎம்எஸ் அவரை விலக்கியது. இரட்சிப்பைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குருப்பட்டம் கொடுக்கக் கை வைப்பது யார் என்பதில்தான் வழக்கு.

கேள்வி: புதிதாகப் போகிற சபையின் விசுவாச அறிக்கையை வைத்து அது எந்த மரபு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: அரை மணி நேரம் போதும். திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம் பற்றிய பத்திகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தாண்டிப் போங்கள். ஞானஸ்நானப் பத்தியில் ‘விசுவாசிகளுக்கு’, ‘முழுக்கு’ (தண்ணீரில் முழுவதும் அமிழ்த்துவது) என்ற சொற்கள் இருந்தால் பாப்டிஸ்ட், சகோதரர் சபை அல்லது பெந்தெகோஸ்தே. ‘உடன்படிக்கை’ வந்தால் சீர்திருத்த சபை. வேதாகமப் பத்தியில் ‘மூலப் பிரதிகளில் பிழையற்றது’ என்றிருந்தால் வேதாகமத்தின் பிழையின்மை பற்றிய 1978 சிகாகோ அறிக்கையின் சாயல். ‘பிழையற்றது’ என்ற அந்தக் கூற்று மூல எழுத்துகளுக்குத்தான். நம் கையிலுள்ள எந்த மொழிபெயர்ப்புக்கும் அது அப்படியே பொருந்தாது.

கடைசிக்காலப் பத்தியை நிறுத்தி வாசியுங்கள். இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம் என்று வரிசை போட்டிருந்தால் அது 1830களில் சகோதரர் சபையைச் சேர்ந்த டார்பி வகுத்து, 1909ல் ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தால் பரவிய போதனை. சீர்திருத்தக்காரர்களிடம் இது இல்லை. லுத்தரன் சபையின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவு, உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் பூமியில் ராஜ்யம் ஆளுவார்கள் என்பதையே மறுக்கிறது.

பிறகு அறிக்கையில் இல்லாததைத் தேடுங்கள். அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணம் எங்காவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா? திருவிருந்துக்கு எத்தனை வரி? போதகரை யார் நியமித்தார்கள், அவர் தவறினால் யாரால் நீக்க முடியும், காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் இவை அச்சில் இருக்காது. மூப்பர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் வாயால் கேளுங்கள்.