பிராஜெக்ட் முடிந்தால் செயலாளர் பதவியும் போய்விடுமா?

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிராஜெக்ட் அசோசியேட்டாக இருக்கிறேன். ஜே.ஆர்.எஃப். (மாத உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்யும் இளநிலை ஃபெல்லோ), போஸ்ட்-டாக் (பிஎச்.டி. முடித்தபின் தற்காலிகமாக ஆராய்ச்சி செய்பவர்), ஒப்பந்த ஆராய்ச்சிப் பணியாளர்கள் என ஆறு மாநில நண்பர்கள் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறோம். தேசிய அளவில் ஒரு சங்கம் பதிவு செய்ய வேண்டும். 'அகில இந்திய' என்று பெயர் வைக்க எட்டு மாநில ஆட்கள் தேவை, குறைகிற இரண்டு பேரையும் டெல்லி முகவரியையும் நானே தருகிறேன், 60,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு ஏஜென்ட். என் பிராஜெக்ட் மார்ச்சில் முடிகிறது. அதன்பிறகு நான் செயலாளராக நீடிக்க முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? இல்லையென்றால் நல்லது, கொடுக்காதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. டெல்லியில் நடைமுறையில் இருப்பது 1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம். சட்டம் கேட்பது ஏழு பேரைத்தான். பெயரில் 'அகில இந்திய' வந்தால் எட்டு வெவ்வேறு மாநிலத்தவரின் அடையாளச் சான்று கேட்பது பதிவு அலுவலக வழக்கம். மீதிப் பாதியில்தான் வில்லங்கம். அவர் தருகிற இரண்டு பேரும் உங்கள் ஸ்தாபக உறுப்பினர்கள் ஆகிவிடுவார்கள். உங்களுக்கு இருக்கிற அதே ஓட்டு அவர்களுக்கும் உண்டு. அநேகமாக அவருடைய மைத்துனராகவும் டிரைவராகவும் இருப்பார்கள். நாளைக்கு ஒரு திருத்தத்துக்கு அவர்கள் கையெழுத்து தேவைப்பட்டால், அதற்கும் ஒரு ரேட் சொல்வார்.

முகவரி விஷயம் இன்னும் மோசம். ஒரு சங்கத்துக்காக அப்படிப்பட்ட டெல்லி முகவரி ஒன்றைத் தேடிப் போயிருக்கிறேன். மூன்றாவது மாடிக்கு ஏறும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு ஷட்டர். சுவர் முழுக்க அகில இந்திய, பாரதீய, நேஷனல் என்று தகரப் பலகைகள். கீழே ஒரு அட்டைப்பெட்டி நிறைய பிரிக்காத பதிவுத் தபால். எங்களுக்கு வந்த நோட்டீஸ் நான்கு மாதமாக அதற்குள் கிடந்தது. பதில் சொல்ல வேண்டிய கெடு எப்போதோ முடிந்திருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதவி நீடிக்குமா என்பது உங்கள் பைலாவில், அதாவது சங்க விதிகளில் இருக்கிறது. அந்த பைலாவை ஏஜென்ட் ஜெராக்ஸ் எடுத்துத் தருவார் என்பதுதான் என் பயம். நிரந்தர ஊழியர் சங்கங்களுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். 'பணியிலிருந்து விலகும் நாளில் உறுப்பினர் தகுதி தானாக நீங்கும்' என்று ஒரு வரி அதில் இருக்கும். ஐம்பத்தெட்டு, அறுபது வயதுவரை வேலை பார்ப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. உங்களுக்கு அது விஷம்.

எப்படி என்று பாருங்கள். பிராஜெக்ட் மார்ச் 31இல் முடிகிறது. நீட்டிப்பு ஆணை மே மாதம்தான் வரும், தேதி மட்டும் ஏப்ரல் 1 என்று போட்டிருப்பார்கள். (அந்த இரண்டு மாதம் நீங்கள் சம்பளமில்லாமல் லேபில் உட்கார்ந்திருப்பீர்கள். அதைப் பற்றி ஆராய்ச்சிக்குப் பணம் தரும் எந்த அமைப்பும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.) இடையில் ஏப்ரல் 20இல் பொதுக்குழு நோட்டீஸில் செயலாளராகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அன்று நீங்கள் உறுப்பினரா? இல்லை என்பார் தேர்தலில் தோற்றவர். ஆளுக்கொரு நிர்வாகிகள் பட்டியல் பதிவு அலுவலகத்துக்குப் போகும். எது உண்மையான கமிட்டி என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார். வழக்கு முடிவதற்குள் உங்கள் போஸ்ட்-டாக் காலமே முடிந்துவிடும்.

அதனால் இப்படி எழுதுங்கள்: 'ஒப்பந்தமோ ஃபெல்லோஷிப்போ முடிந்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை உறுப்பினர் தகுதியும் வகிக்கும் பதவியும் தொடரும்.' தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) காத்திருப்பவர், இரண்டு பிராஜெக்டுகளுக்கு நடுவே இருப்பவர், போஸ்ட்-டாக்குக்கு ஜெர்மனி போனவர் எல்லாரும் இதில் அடங்குவார்கள். ஒரே ஒருவரை மட்டும் வெளியே வையுங்கள்: உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தவர். நல்ல மனிதராகவே இருக்கட்டும், நேற்றுவரை உங்களோடு டீ குடித்தவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் பெயரில் ஒரு பிராஜெக்ட் வரும், ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையெழுத்தில் நடக்கும். வேலையில் சேர்ந்த அன்றே நிர்வாகப் பொறுப்பு முடிய வேண்டும், ஓட்டில்லாத ஆலோசகராக வேண்டுமானால் இருக்கலாம். தற்காலிகப் பேராசிரியர், கெஸ்ட் லெக்சரர் என்றால்? தன் பெயரில் பிராஜெக்ட் வைத்து ஆள் எடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் உங்கள் பக்கம்தான். இதையும் எழுத்தில் போடுங்கள். பின்னால் சண்டை வருவது இங்கேதான்.

சங்கத்தின் நோக்கங்களில் 'ஊதியப் பேரம்' என்று எழுதாதீர்கள். 1860 சட்டத்தின் 20ஆம் பிரிவுப் பட்டியலில் ராணுவ அநாதை நிதியெல்லாம் இருக்கிறது, ஊதியம் இல்லை. அறிவியல் வளர்ச்சி இருக்கிறது, அதற்குள் ஆராய்ச்சிப் பணியாளர் நலனைக் கொண்டுவாருங்கள். தொழிற்சங்கமாகப் பதியலாமே என்று யாராவது சொல்வார்கள். பல்கலைக்கழகம் ஒரு தொழில்தான் என்றது 1978ஆம் ஆண்டு பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பு. ஆசிரியர் தொழிலாளி அல்ல என்றது 1988இல் வந்த இன்னொரு தீர்ப்பு. ஃபெல்லோஷிப் வாங்குபவர் இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறார். இப்போதைக்கு அந்த வம்பு வேண்டாம்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். உறுப்பினர்களின் நலனுக்கான சங்கத்தை வரித்துறை தர்ம ஸ்தாபனமாகப் பார்க்காது.

பதிவு செய்துவிட்டால் பல்கலைக்கழகம் உங்களைக் கூப்பிட்டுப் பேசும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. அதோடு உங்கள் துணைவேந்தரிடம் கேட்டு ஆகப்போவதும் குறைவு. ஜே.ஆர்.எஃப். தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது டெல்லியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜூனில் போட்ட ஆணையால். தேசியச் சங்கம் என்று நீங்கள் நினைத்தது அந்த வகையில் சரிதான்.

இரண்டு பேர் குறைகிறார்கள், அவ்வளவுதானே? கருத்தரங்குகளில் பார்த்தவர்களைக் கூப்பிடுங்கள். குவாஹாத்தியிலோ புவனேஸ்வரிலோ உங்களைப் போல ஒருவர் இருப்பார். டெல்லி முகவரிக்கு அங்கேயே வசிக்கும் உறுப்பினர் ஒருவரின் வீடு போதும், வீட்டு உரிமையாளரின் ஆட்சேபமின்மைக் கடிதம் மட்டும் வேண்டும். அவசரமென்றால் இங்கேயே 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தில் மாநிலச் சங்கமாகத் தொடங்குங்கள், ஏழு பேர் போதும். விண்ணப்ப விவரம் பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கிறது. அப்புறம், பக்க எண் போட்ட, பைண்ட் செய்த நோட்டு ஒன்று வாங்கித் தீர்மானங்களை மையில் எழுதி, வந்தவர்களிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் 'ஓகே' போட்டதை எந்தப் பதிவாளரும் தீர்மானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.