பார்வோன்களின் கல்லறைச் சுவர்கள்: கேள்வி பதில்

எகிப்தில் மழையே கிடையாதே சார், கல்லறைக்குள் வெள்ளம் எப்படி வரும்?

எப்போதாவதுதான் பெய்யும். ஆனால் மொட்டைக் குன்றில் விழுந்த தண்ணீர் ஊறாமல், லக்சர் நகரருகே பார்வோன்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்துவிடும். கல்லறை வாசல்களும் அங்கேதானே! 1994 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. உள்ளே வரும் சேறும் கல்லும் ஒருபக்கம் இருக்கட்டும். நான் அதிகம் பயப்படுவது சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் இருக்கும் எஸ்னா களிப்பாறைக்குத்தான். தண்ணீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஆழமாகக் குடைந்த கல்லறைகளில் தூண் பிளப்பதும் காரை பெயர்வதும் இதனால்தான். அதனால் உள்ளே ஓவியத்தைச் சீர்செய்யும் முன் வெளியே தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

எகிப்திய ராணி நெஃபர்தாரியின் கல்லறை ஓவியங்கள் ஏன் உதிர்ந்தன?

உப்பு. ஈரத்தில் கரைந்து, காரைக்குப் பின்னால் படிகமாகி, ஓவியத்தையே வெளியே தள்ளியது. கலைப்பொருள் பாதுகாப்பில் ஈடுபடும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் எகிப்திய அரசும் 1986 முதல் 1992 வரை வேலை செய்தன. புதிதாக வண்ணம் தீட்டவில்லை. இருந்ததை ஒட்டி நிறுத்தினார்கள், அவ்வளவுதான். தயவுசெய்து சுவரைத் தொடாதீர்கள்.

துட்டன்காமன் கல்லறையில் இருக்கும் பழுப்புப் புள்ளிகளைத் துடைத்தால் என்ன?

முடியாது. வண்ணத்துக்குள்ளேயே ஊறிவிட்டன. 1920-களின் புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள், வளரவில்லை. அவற்றை உண்டாக்கிய நுண்ணுயிர்கள் செத்து நெடுநாளாகிறது.

அந்தப் புள்ளிகள் நம் மூச்சுக்காற்றால் வந்தவையா?

இல்லை, 1920-களிலேயே இருந்தவை என்று இப்போதுதானே சொன்னேன். மூச்சின் ஈரம் வேறு பிரச்சினை. அதற்குத்தான் புதிய காற்றோட்ட வசதி.

துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் துட்டன்காமன் கல்லறை நகலுக்குப் போகச் சொல்கிறார்கள். போலியைப் பார்க்க எதற்குக் காசு?

போலி என்று சொல்லாதீர்கள். கலைப்படைப்புகளுக்கு நகல் செய்யும் ஃபாக்டம் ஆர்ட்டே நிறுவனம் அசலை ஸ்கேன் செய்து உருவாக்கியது, 2014-இல் திறந்தது. புதையறைக்குள் நுழைய கார்ட்டர் குழு தெற்குச் சுவரின் ஒரு பகுதியை உடைத்தது. அசலில் அந்த ஓவியம் இன்று இல்லை. பழைய புகைப்படத்தை வைத்து நகலில் மீட்டிருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், முழுமையானது எது?

ஆனாலும் அரசன் படுத்திருந்த இடம் அதுவல்லவே?

அது நியாயம். அந்த உணர்வுக்காக அசலுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். ஓவியத்தை நிதானமாக, நெருங்கிப் பார்க்க நகல்தான் வசதி. ஒரு கூட்டம் அங்கே திரும்பினால் அசலுக்குள் வியர்வையும் தூசியும் குறையும்.

அப்போ அசலையே மூடிவிடலாமே?

டிக்கெட் காசை நம்பி லக்சரில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் தெரியுமா? எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது என் கட்சி.

கல்லறையைத் திறந்தவர்கள் சீக்கிரம் சாவார்கள் என்ற பார்வோன் சாபம் பற்றி...?

1922-இல் கல்லறையைக் கண்டுபிடித்த கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். அடுத்த கேள்வி.

சுவரை லேசாகத் தொட்டால் கூடவா?

லேசாகக்கூட.