ராஜ்யோத்சவ மேடையில் தமிழ்க் கவிதை சொல்லலாமா?

உங்கள் பெங்களூர் அபார்ட்மென்ட்டில் நவம்பர் 1, கர்நாடக மாநிலம் உருவான நாளான கன்னட ராஜ்யோத்சவத்துக்கு மகளைத் தமிழ்க் கவிதை சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், தகராறு வருமோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லட்டும். மொழிப் பெருமைப் பாட்டு மட்டும் வேண்டாம். அன்றைக்கு அது அவர்கள் வீட்டு விசேஷம்.

குறள் 972, 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்', எடுங்கள். அதற்கு முன்னால் 12ஆம் நூற்றாண்டுக் கன்னடச் சிவபக்தர் பசவண்ணரின் 'இவனாரவ' வசனம் (உரைநடை போன்ற கன்னடக் கவிதை). 'இவன் யாரவன்' என்று கேட்க வைக்காதே, நம்மவன் என்று சொல்ல வை என்று அவர் வணங்கிய சிவனான கூடலசங்கமதேவனிடம் வேண்டுவது. இரண்டும் பிறப்பால் ஆளைப் பிரிப்பதற்கு எதிரானவை. குறளின் பொருளைக் கன்னடத்தில் ஒரே வரியில் சொன்னால் போதும். விளக்கவுரை வேண்டாம், பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அந்த வரியைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

யாராவது முகம் சுளித்தால், 2009 ஆகஸ்டில் பெங்களூர் அல்சூரில் வள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்ததைச் சொல்லுங்கள்.